படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

எங்கள் தோட்டங்களில் குறை சொல்வது எப்போதும் மேலிருந்து கீழேதான் வந்திருக்கிறது. விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி சொல்வார். மலையில் கணக்கப்பிள்ளை சொல்வார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் முற்றின இலை இருக்கிறது, ஈரம் இருக்கிறது என்று கிலோவைக் கழிப்பார்கள். கழித்தது சரிதானா என்று கேட்டவருக்கு மறுநாள் செங்குத்தான மலையாகப் பார்த்துக் கிடைக்கும். குறை என்று ஒன்று வந்தால் கூலியும் குறையும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்ட சனம் நாங்கள். அதனால் எங்களுக்குள் ஒருவருக்கொருவர் குறை சொல்லிக்கொள்வது கிடையாது. தப்பித் தவறிச் சொன்னால் அதைக் கங்காணியின் குரலில்தான் சொல்கிறோம், ஏனென்றால் வேறு குரலில் அதைக் கேட்டுப் பழக்கமில்லை.

இது எனக்கு நன்றாக விளங்கியது படம் எடுக்கிற பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தபோதுதான். ஹல்துமுல்லையில் இன்றைக்குப் போன் வைத்திருக்கிற எல்லாரும் படம் எடுக்கிறார்கள். கடன்பட்டுக் கெமரா வாங்கியவர்களும் உண்டு. எடுக்கத்தக்க இடமும்தான். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறி வரும் ஏ4 வீதி எங்கள் ஊரைத் தாண்டிப் பெரகலைக்குப் போகிறது. வடக்கே மலை சுவராக நிற்கும். தெற்கே காலடியிலிருந்து சமவெளி விரியும். வானம் வெளித்த நாளில் உடவளவைத் தண்ணீர் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். நாட்டிலேயே மிக உயரமான பம்பரகந்தை நீர்வீழ்ச்சி, 263 மீற்றர், எங்கள் பிரதேச செயலகப் பிரிவில்தான் விழுகிறது. இந்தப் பிள்ளைகளில் சிலர் போயா விடுமுறையில் ஒன்றுகூடி, எடுத்த படங்களை அச்சுப்போட்டு மேசையில் பரப்பி, ஒருவர் படத்தை மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள்.

முதலில் எல்லாரும் எல்லாவற்றையும் நல்லா இருக்கு என்றார்கள். படம் மேசையைச் சுற்றிப் போய்த் திரும்பி வரும், எடுத்தவன் சிரித்து வாங்கிக்கொள்வான், அவ்வளவுதான். பிறகு கொழும்பில் கலியாண வீட்டு ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு தம்பி வந்தார். அவர் பேச்சு வேறு மாதிரி. ஒரு பையனின் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதெல்லாம் ஒரு படமா? சரிஞ்சு கெடக்கு, கை ஆடியிருக்கு, இதுக்குப் போய் காசு குடுத்துப் பிரின்ட் போட்டியா?” அவர் சொன்னதில் பொய்யில்லை. படம் சரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் பையன் அடுத்த போயாவுக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், நல்லா இருக்கு என்றவர்களுக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு தரப்புமே பையனைப் பார்த்துத்தான் பேசினார்கள். அவன் மனம் நோகக்கூடாதென்று அவர்கள், நோகட்டுமென்று இவர். மேசையிலிருந்த படத்தை யாரும் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு அன்றைக்கு நான் தேயிலை சுவைப்பவரைப் பற்றிச் சொன்னேன். கொழும்பில் முதல் பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30இல். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு ஸ்டோரிலிருந்தும், அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்தும், போகும் தேயிலையின் மாதிரியைத் தரகுக் கம்பனிகளில் சுவைத்துப் பார்க்கிறார்கள். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே நிறை தேயிலை, கொதித்த தண்ணீர், ஒரே நேரக் கணக்கு. அவர் காய்ந்த தூளைப் பார்ப்பார், ஊறிய இலையின் நிறத்தைப் பார்ப்பார், வாசம் பிடிப்பார், பிறகு ஒரு கரண்டியை உறிஞ்சி நாக்கில் உருட்டித் துப்புவார். அவர் குறிப்பு ஸ்டோருக்குத் திரும்பி வரும். அந்தக் குறிப்பில் மோசம் என்று மட்டும் இருந்தால் டீமேக்கருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கருகிய மணம் இருக்கிறது என்று எழுதினால் ட்ரையரின் சூடு மிஞ்சிவிட்டதென்று அவருக்குத் தெரியும். பச்சை வாடை என்றால் இலை போதுமான அளவு வாடவில்லை அல்லது புளிக்கவில்லை. சாயத்தில் உயிர்ப்பில்லை என்றால் புளிக்க வைத்த நேரம் கூடிவிட்டது. நாக்கில் பட்டதைச் சொல்கிறார். அது எந்த இடத்தில் நடந்தது என்பதற்கு அதிலேயே வழி இருக்கிறது.

அவரிடம் கற்க இன்னொன்றும் உண்டு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் கச்சான் காற்று காய்ந்து வீசும். அந்தக் காலத்து ஊவாத் தேயிலையின் வாசம் வேறு எங்கும் வராது. சுவைப்பவர் அதைத் தெரிந்துகொண்டுதான் கிண்ணத்தை எடுக்கிறார். நுவரெலியாத் தேயிலை மாதிரி இல்லையே என்று ஊவாத் தேயிலைக்குக் குறை எழுத மாட்டார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் மழையில் நனைந்த லயத்து வரிசை வீடுகளின் கூரைகளை வெறும் சாம்பல் நிறத்தில் எடுத்து வந்தால், “கலர் போதாது அண்ணே” என்று உடனே ஒரு குரல் கிளம்புகிறது. அவர் கலரைத் தேடித்தான் போனாரா என்று முதலில் கேட்க வேண்டாமா?

ஒரு தங்கச்சியின் படத்தைச் சொல்ல வேண்டும். தன் அம்மா காலையில் பெரட்டுக்குப் போவதை மூடுபனிக்குள் எடுத்திருந்தாள். தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு, பின்னால் வெள்ளையாகப் பனி. முகம் மட்டும் கறுப்பாக, கண் எது மூக்கு எது என்று தெரியாமல் இருந்தது. ஒருவர், “அருமை” என்றார். இன்னொருவர், “மொகம் தெரியலியே” என்றார். மூன்றாமவர் போனை எடுத்து, “இந்த ஆப்புல போட்டா மொகம் பளிச்சுன்னு வெள்ளையா வந்துரும் தங்கச்சி” என்று செய்தே காட்டினார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குக் காரணம் எனக்குத் தெரிந்தது. அவளுடைய அம்மாவின் நிறத்தை ஒருவர் அவள் கண் முன்னாலேயே அழித்துக்கொண்டிருந்தார்.

இங்கே கெமராவின் வேலையைத் தெரிந்து சொன்னால் சண்டைக்கே இடமில்லை. பனி, மேகம், நீர்வீழ்ச்சி நுரை என்று சட்டத்துக்குள் வெள்ளை அதிகமானால், கெமரா வெளிச்சம் மிஞ்சிவிட்டதென்று கணக்குப்போட்டுப் படம் முழுவதையும் இருட்டாக்கும். வெள்ளைப் பனி சாம்பலாகும். முன்னால் நிற்பவர் நிழலாகிவிடுவார். போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் வெளிச்சம் ஏறும். அல்லது அம்மாவைச் சற்றுத் திரும்பி நிற்கச் சொல்லி, வெளிச்சம் முகத்தில் விழும்படி எடுக்கலாம். நிறம் அப்படியே இருக்கும், முகம் தெரியும். கறுத்த மேனியைச் சரியாகக் காட்டாதது எங்கள் பிள்ளைகளோடு தொடங்கிய கதையுமில்லை. பிலிம் காலத்தில் கோடாக் கம்பனி கலர் அளவு பார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்களின் முகமே இருந்தது; அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் படம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் தெரிந்த ஒருவர் அந்தத் தங்கச்சியிடம், “அம்மாட நடை நல்லா வந்திருக்கு. பனி உங்க கெமராவ ஏமாத்திருச்சு, மொகத்துக்கு வெளிச்சம் ஏத்திப் பாருங்க” என்று சொல்லியிருந்தால், அவள் மறுநாள் காலையே அம்மாவுக்கு முன்னால் எழுந்து வழியில் போய் நின்றிருப்பாள்.

பாராட்டுக்கும் இதே விதிதான். எது நன்றாக இருக்கிறது என்று சொல்லாத பாராட்டை வைத்துக்கொண்டு ஒருவரும் அடுத்த படத்தை எடுக்க முடியாது.

எங்கள் மலைநாட்டு மண்ணிலேயே அடங்கியிருக்கும் ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் இது எல்லாமே நடந்திருக்கிறது. ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கெமராவோடு இங்கிலாந்தில் படம் எடுக்கத் தொடங்கினார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்து வளவில் அடக்கமானார். இன்றைக்கு உலகத்தின் பெரிய நூதனசாலைகள் அவர் படங்களைப் பாதுகாக்கின்றன. அன்றைக்கு லண்டன் புகைப்படச் சங்கத்தார் அவரைச் சும்மா விடவில்லை. கூர்மையில்லை, கண்ணாடித் தட்டில் கறை, கீறல், கவனமில்லாத வேலை என்று எழுதினார்கள். எழுதியதில் பாதி உண்மைதான். கறையும் கீறலும் இருந்தன.

அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1864 கடைசியில், தன் நண்பரும் விஞ்ஞானியுமான ஜோன் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், கூர்மை என்பது எது, எந்தக் கூர்மைதான் சரியானதென்று தீர்மானிக்க யாருக்கு உரிமை என்று கேட்டார். அந்த மென்மையை அவர் வேண்டுமென்றே வைத்திருந்தார், கடைசிவரை விடவுமில்லை. சங்கத்தார் எழுதியதை அதற்குரிய எடையோடு மட்டும் எடுத்துக்கொண்டிராவிட்டால் மனம் உடைந்திருப்பேன் என்ற பொருளில் 1874இல் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதே மனுஷி, ஓவியர் வாட்ஸ் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். பேரப்பிள்ளையின் படத்தைப் பார்த்து வாட்ஸ் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தலைகளெல்லாம் அற்புதமாக வந்திருக்கின்றன என்று தொடங்கி, அந்த வெள்ளைச் சட்டை மட்டும் உருவமில்லாத திட்டாக நின்று படம் முழுவதையும் கெடுக்கிறது, இனி எடுப்பதானால் மஞ்சள் சாயலான துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்துப் போடுங்கள் என்று முடிக்கிறார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுக்கு நீலமும் வெள்ளையும் பளீரென்று பதியும், மஞ்சள் அடங்கிப் பதியும், அதனால்தான் மஞ்சள். இதைவிட நல்ல கருத்தை நான் படித்ததில்லை. எது நன்றாக இருக்கிறது, எது கெடுக்கிறது, நாளைக்கு என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. தையல்காரரிடம் போனால் தீர்ந்துவிடும் குறை. மனுஷியை அது தொடவே இல்லை.

தனியே உட்கார்ந்து இந்தக் கலையில் முன்னேறியவர் குறைவு. புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் நம் நாட்டுக்குப் பெருமை தந்தவர். 1938இல் லண்டனில் அவருடைய படங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி நடந்தது. அவரும் 1934இல் நண்பர்களோடு சேர்ந்து இலங்கைப் புகைப்படச் சங்கத்தை அமைத்து, மற்றவர்கள் பார்க்கத் தன் படத்தை வைத்தவர்தான்.

கமரன் இலங்கையில் எடுத்த படங்களில் இன்றைக்கு மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத்தில் வேலை செய்தவர்களும் ஊர்ச்சனங்களும் அவற்றில் இருக்கிறார்கள். பெரும்பாலானோரின் பெயர் பதிவில் இல்லை. அவர் காலத்திலும் பிறகும் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே என்ற ஸ்டூடியோக்கள் கொழுந்துப் பெண்களை நிற்கவைத்து எடுத்து, தபால் அட்டையாகவும் அல்பமாகவும் உலகமெல்லாம் விற்றன. அந்தப் படங்களை அந்தப் பெண்களிடம் காட்டி, “சரியா இருக்கா அம்மா?” என்று யார் கேட்டிருப்பார்கள்? எங்கள் லயங்களில் சொந்தமாக ஒரு படம் இருந்ததென்றால், அது பெரும்பாலும் பிரஜாவுரிமை அலுவலுக்கோ, 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போனவர்களின் கடவுச்சீட்டுக்கோ எடுத்ததாக இருக்கும். அலுவலகத்துக்கு அது பிடித்தால் போதும்.

இதனால்தான் எங்கள் பிள்ளைகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். படத்தில் இருப்பவரிடம் முதலில் காட்டுங்கள். ஒரு தம்பி எடுத்த படத்தை எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். மலைச்சரிவு, வெயில், சிரித்த முகத்தோடு கொழுந்து எடுக்கும் பெண், உயர்த்திய கை. பக்கத்து லயத்து அக்கா ஒருவர் தேத்தண்ணி கொடுக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். “யாரு தம்பி இது, கொழுந்து எடுக்கத் தெரியாத புள்ளயா? கையில இருக்கிறது கரட்டு இலை. கை இவ்வளவு மேல போனா மட்டம் போயிரும். கூடக் கயிறு தலையில ஏறவே இல்ல பாருங்க” என்றார். அந்தத் தம்பி அசந்துபோனார். படத்தில் இருந்தது நீர்வீழ்ச்சி பார்க்க வந்த உல்லாசப் பயணி ஒருவர். கூடையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு நின்றவர். நாங்கள் யாரும் கண்டுபிடிக்காததை அந்த அக்கா ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். கோணம், வெளிச்சம் என்று பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் எல்லாரும். வேலை தெரிந்த கண் அங்கே அவருடையது மட்டும்தான்.

சில படங்களுக்கு முன்னால் கோணத்தையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசவே கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் எங்கள் பிரிவிலேயே, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அன்றைக்கும் பிறகும் எத்தனையோ கெமராக்கள் வந்தன. தலையில் கைவைத்து அழுகிற தாய்மாரின் படங்கள் நாடு முழுக்கப் போயின. அதில் சில எங்கள் துயரத்தை மற்றவர்கள் கண்ணுக்குக் கொண்டுபோயின என்பதை நான் மறுக்கவில்லை. வீடு கேட்டு நாங்கள் பேசியபோது அந்தப் படங்களும் எங்களோடு பேசின. ஆனால் அப்படியொரு படத்தை ஒரு பிள்ளை பழைய கோவையிலிருந்து எடுத்து வைத்தபோது, “கண்ணீர் துளி நல்லா ஷார்ப்பா வந்திருக்கு” என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு நான் குறுக்கே பேசினேன். அந்த அம்மாவுக்குத் தன்னை எடுக்கிறார்கள் என்று தெரியுமா, எடுத்த படத்தை அவருக்குக் காட்டினார்களா, இன்றைக்கு அவர் இந்த மேசைக்கு வந்தால் இதைத் திருப்பி வைக்கச் சொல்வாரா என்ற கேள்விகளைத் தாண்டித்தான் கூர்மைக்கு வர வேண்டும் என்றேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. செய்திப் படம் எடுப்பவன் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றால் உண்மை எப்படி வெளியே வரும் என்று ஒரு பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. அன்றைய பேச்சு முழுக்க அதிலேயே போயிற்று, முடிவுக்கு வரவுமில்லை.

கேட்டுக்கொள்வது சொல்வதைவிடக் கடினம். எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் உண்டு: படம் மேசையில் இருக்கும்வரை எடுத்தவர் பேசக்கூடாது. வாய் திறந்தால் விளக்கம் வரும். “அன்னைக்கு மழை சேர்”, “பஸ்சு கெளம்பப் பாத்துச்சு”, “அந்தத் தாத்தா நகர மாட்டேன்னுட்டாரு”. அதெல்லாம் மெய்யாகவே இருக்கட்டும். பார்க்கிறவருக்குப் படம் மட்டும்தான் கிடைக்கிறது. கொப்பியில் எழுதிக்கொண்டு போய் ஒரு வாரம் கழித்து வாசிக்கச் சொல்கிறேன். அன்றைக்குக் குத்தியது சில சமயம் அப்போது உதவும். சில சமயம், இது என் படத்தைப் பற்றியதே இல்லை, சொன்னவருக்குப் பிடித்த வேறொரு படத்தைப் பற்றியது என்று புரியும். அப்படிப்பட்டதைத் தள்ளிவிடவும் வேண்டும்.

சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்ல எங்கள் பக்கம் வழியே இல்லாமல் இருந்தது. அண்ணன் படத்தில் தம்பி எப்படிக் குறை சொல்வது? பிள்ளைகளே ஒரு வழி கண்டார்கள், கேள்வியாகக் கேட்கிறார்கள். “அண்ணே, இந்த ஓரத்துல ஒரு கை மட்டும் வருதே, அது எதுக்குங்க?” அண்ணன் பார்க்கிறார். கை இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

பெண்பிள்ளைகளுக்கு நடப்பது வேறு அநியாயம். அவர்கள் படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் போன இடத்தைப் பற்றித்தான் பேச்சு. பம்பரகந்தையை எடுத்து வந்த பிள்ளையிடம், “தனியாவா போனீங்க? வீட்டுல தெரியுமா?” என்று கேட்டார்கள். பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது தப்பில்லை, அதை வெளியே வைத்துக் கேட்கலாம். மேசையில் வைத்த படத்துக்கு அது பதிலாகாது. பம்பாய் வரைக்கும் போய் எடுத்துவந்த தம்பியிடம் யாரும் இதைக் கேட்கவில்லையே. நான் எழுந்து, இந்தப் படத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், “தண்ணி பாலா வழியுது, அழகா இருக்கு, ஆனா அங்க நின்னா காது அடைக்கிற மாதிரி சத்தம் கேக்குமே, அது இதுல இல்ல” என்றார். ஷட்டரை ஒரு செக்கன் திறந்து வைத்தால் தண்ணீர் அப்படித்தான் வழியும். 500இல் ஒரு பங்கு செக்கனில் எடுத்தால் துளி துளியாகச் சிதறி நிற்கும். உயரமும் தெரியவில்லை, கீழே ஓர் ஆள் நின்றால் தெரியும் என்றார் இன்னொருவர்.

பிள்ளை ஒரு சொல் பேசாமல் எழுதிக்கொண்டு போனாள். அடுத்த தடவை கொண்டுவந்த படத்தில் தண்ணீர் இடித்துச் சிதறியது. அடியில் சின்னதாக அவளுடைய தம்பி நின்றான். பத்தாம் வகுப்புப் படிக்கிற அந்தத் தம்பியும் கூடவே வந்திருந்தான். படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, என் கால வெட்டிட்டீங்களே” என்றான். பேசக்கூடாதென்ற வழக்கத்தை அன்றைக்கு அவள் மறந்துவிட்டாள். பாறை மறைத்ததா, சட்டம் வெட்டியதா என்று இரண்டு பேரும் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாதாடினார்கள். மற்றவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதில் சேர்ந்துகொண்டார்கள்.